மாமா பல் பார்த்து வாங்கிய நாய்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கத் தெரிந்துவிட்டால் போதும், உலகத்தில் எதையும் ஒடித்துப் பார்த்து வாங்கிவிடலாம் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. தேங்காயைத் தட்டிப் பார்ப்பேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். புடவைக் கடையில் தலைப்பை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்பேன். என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்று பேசிக்கொண்டு திரிந்தேன். அப்படி ஒருத்தர் ஏற்கெனவே பிறந்து, வளர்ந்து, கொச்சிக்கு எதிர்க்கரையில் வைப்பின் தீவில் நாய் வளர்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் அப்பாவுக்கு மட்டாஞ்சேரியில் சுக்கு வியாபாரம். பொள்ளாச்சியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர், கொச்சங்காடியில் ஒரு பழைய பாண்டிகசாலையை வாடகைக்குப் பிடித்து (குடோனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) அங்கேயே நிலைத்துவிட்டார். அவர் பேசுகிற தமிழில் பாதி மலையாளம். கோபம் வந்தால் முழு மலையாளம். ஒரு சுக்கைக் கையில் எடுத்தாரென்றால் ஒடிப்பார், ஒடிகிற சத்தத்தைக் கேட்பார், முகர்வார், நாக்கில் வைப்பார். அதற்குள் விற்க வந்தவருக்கு வியர்த்துவிடும். தெருவில் யாருக்குச் சரக்கில் தகராறு வந்தாலும் அப்பாவின் கடை வாசலுக்குத்தான் வருவார்கள். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

நான் விலங்கியல் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா எனக்கு இடப்பள்ளியில் ஒரு மாலில், செருப்புக் கடையில் பில் போடுகிற வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ அப்பாவின் கடையில் உட்கார வேண்டும். சின்ன வயதிலிருந்து அந்தச் சுக்கு வாசனையிலேயே வளர்ந்துவிட்டு, குளிர் அடிக்கிற கட்டடத்தில் போய் யாரோ கழற்றிப் போட்ட செருப்பை எடுத்து அடுக்க மாட்டேன் என்று தினமும் ஒரு பாட்டு பாடினேன்.

"கடையிலே உக்காரணும்னா வாங்கத் தெரியணும்," என்றார் அப்பா. "விக்கிறது யாரு வேணும்னாலும் விக்கும். வாங்குறதுதான் தொழிலு, கேட்டியா."

"எனக்குத் தெரியும்ப்பா."

"தெரியுமா? சரி. பாண்டிகசாலைக்கு ஒரு நாய் வேணும். நீயே போய் வாங்கிட்டு வா. ஒழுங்கா வாங்கிட்டு வந்தா குத்தூசி உன் கையிலே. இல்லேன்னா திங்கக்கிழமை இடப்பள்ளி பஸ்ஸு."

குத்தூசி என்பது மூட்டையைக் குத்தி, சரக்கில் கொஞ்சம் மாதிரிக்கு எடுத்துப் பார்க்கிற இரும்புக் குழாய். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தக் கடையில் கொள்முதல் செய்பவர். அப்பா அதை யாரையும் தொட விடமாட்டார். அதை எனக்குத் தருகிறேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாய்தானே!

நாய் வேண்டியிருந்ததற்குக் காரணம் ஆடுகள். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஆடுகளுக்குத்தான் முதல் மரியாதை. லாரியே ஒதுங்கிப் போகும். முற்றத்தில் சுக்கைக் காயப்போட்டால் நடுவில் வந்து படுத்துக்கொள்ளும், புழுக்கை போடும், சாக்கைத் தின்னும். எங்களிடம் முன்பு இருந்த நாய் வயதாகிப் போய்ச் சேர்ந்த பிறகு, ஆடுகள் எங்கள் முற்றத்தைக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்டன.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பொள்ளாச்சியிலிருந்து செல்லமுத்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. மாட்டுச் சந்தையில் தரகர். பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பால் பல், ரெண்டு பல், நாலு பல், பல் சேர்ந்தது என்று வாயைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். செல்லமுத்து பல் பார்த்தால் மறுபேச்சு இல்லை என்று சந்தையில் பேர். (பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொட்டாவி விட்டால்கூட எட்டிப் பார்ப்பார் என்று அம்மா சொல்வாள்.)

"நாய் வாங்கப் போறியா அம்மிணி? நானும் வாறன்," என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மாமா, நாய் வேற, மாடு வேற இல்லையா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

"நாயென்ன, மாடென்ன? வாயின்னா வாய்தான். பல்லு பொய் சொல்லாது அம்மிணி."

சமையலறையிலிருந்து அம்மாவும், "என் தம்பி பல்லு பார்த்தா தப்பாதுடி, கூட்டிட்டுப் போ," என்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

போர்ட் கொச்சிக்குப் போய், ஜங்கார் என்கிற பெரிய படகில் ஏறி, அந்தக் கரையில் வைப்பினில் இறங்கினோம். அங்கே ஔசேப்பு சேட்டன் வீடு. படகில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்து ஓய்ந்தவர், இப்போது நாய் வளர்த்து விற்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பல வருஷம் தமிழ்க்காரர்களோடு கடலுக்குப் போனவர், அதனால் தமிழும் பேசுவார். வாசலில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது கைசர். அல்சேஷன் கலப்பு. தோள் வரைக்கும் கறுப்பு, கீழே பொன்னிறம். எங்களைப் பார்த்ததும் குரைத்தது பாருங்கள், மாமாவின் துண்டு கீழே விழுந்துவிட்டது.

எனக்கு அந்த நிமிஷமே அது வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆனால் வியாபாரி முகத்தைக் காட்டக் கூடாது அல்லவா? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, அப்பா சுக்கைச் சுற்றி வருகிற மாதிரி நாயைச் சுற்றி வந்தேன். வாலைப் பார்த்தேன். காதைப் பார்த்தேன். "ம்" என்றேன். ஏன் "ம்" என்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பல்லைப் பாக்கோணும்," என்றார் மாமா.

ஔசேப்பு சேட்டன் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். பாவம், பக்திமான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சந்தையில் செய்கிற மாதிரியே இடது கையால் மூக்கைப் பிடித்து, வலது கைப் பெருவிரலால் உதட்டை விலக்கி, வாயைத் திறந்தார். கைசர் ரொம்பச் சாது. திறந்துகொடுத்தது. மாமா கீழ்ப்பல்லைப் பார்த்தார். மேல் ஈற்றில் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிப் பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

"கீழே ஆறு முன்பல்லு, வரிசை தப்பாம இருக்குது. மேல ஈறு கல்லாட்டம் கெட்டி. சுத்தமான வாய் அம்மிணி. குத்தமே இல்ல."

ஔசேப்பு சேட்டன் வாயைப் பிளந்துகொண்டு மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து மறுபடியும் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்து விலை. மாமாவுக்கு வாயால் விலை பேசிப் பழக்கம் இல்லை. சந்தை வழக்கப்படி ஔசேப்பு சேட்டன் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல்களை அழுத்த ஆரம்பித்தார். ஒரு விரலுக்கு ஒரு கணக்கு. ஔசேப்பு சேட்டனுக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. கை வைத்து ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மாமா விரலை அழுத்த அழுத்த அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இதைவிடச் சுலபமாக யாரும் நாய் வாங்கியிருக்க முடியாது.

ஜங்காரில் திரும்பும்போது கைசர் முன்னால் நின்று காற்றை முகர்ந்துகொண்டு வந்தது. போகிற வருகிறவர்களெல்லாம் ஒதுங்கினார்கள். எனக்கு இடுப்பில் குத்தூசியைச் செருகிக்கொண்டது போலவே இருந்தது.

மறுநாள் காலை முற்றத்தில் சுக்கு காய்ந்துகொண்டிருந்தது. மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்களும் என் நாயைப் பார்க்க வந்திருந்தார்கள். (நான்தான் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தேன். புத்தி.) தினமும் வருகிற பெரிய கிடா ஒன்று அன்றைக்கும் அதன் பாட்டுக்கு உள்ளே வந்து சுக்கின் மேல் நின்றது. அப்பா கடை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"கைசர், பிடி!" என்றேன்.

சும்மா சொல்லக் கூடாது, கைசர் பாய்ந்தது. பாய்ந்து கிடாவின் பின்னங்கால் சப்பையைக் கவ்வியது. அவ்வளவுதான், கிடா அலறப் போகிறது என்று எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். கிடா அலறவில்லை. திரும்பிப் பார்த்தது. மறுபடியும் முன்னால் திரும்பி, சாக்கைத் தின்ன ஆரம்பித்தது. கைசர் கவ்வியபடி உறுமுகிறது, இழுக்கிறது, எச்சில் ஒழுகுகிறது. கிடாவோ சாக்கை மென்றுகொண்டே முற்றத்தில் ஒரு சுற்று நடந்தது. பின்னால் கைசரும் விடாமல் போனது.

"எந்தா மோளே, ஆட்டை உம்ம வைக்கான் நாயைக் கொண்டு வந்தியோ?" என்றார் ஒரு சுமட்டுக்காரர். உம்ம என்றால் முத்தம். முற்றமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அகத்து கொண்டு வா," என்றார். முழு மலையாளம்.

வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பா கைசரின் வாயைத் திறந்து வெளிச்சத்துக்குக் காட்டினார். அம்மா, மாமா, நான் மூவரும் குனிந்து பார்த்தோம்.

"மேலே முன்னாடி ஒரு பல்லும் இல்லையே," என்றார் அப்பா.

மாமா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஏனுங் மச்சான், மேல எதுக்குங் பல்லு?"

கைசர் வாயைத் திறந்தபடியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. வெறும் ஈறுதான். கீழ்ப்பல்லை வைத்துத்தான் வயது பார்ப்பார்கள். மாமா வாழ்நாளில் திறந்து பார்த்த வாயெல்லாம் மாட்டு வாய். அந்த வாய்களில் மேலே ஒரு பல் இருந்திருந்தால்தான் அவர் பயந்திருப்பார். சரி, அவர் மாட்டுத் தரகர். நான்? விலங்கியல் படித்தவள். நாயின் பல் வரிசையை மேலே இத்தனை, கீழே இத்தனை, கோரைப்பல் இத்தனை என்று பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்தவள். நேரில் நாய் வாயைத் திறந்து காட்டியபோது "ம்" என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்!

மாமாவுக்கு மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா அவருக்குச் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கைசரை இழுத்துக்கொண்டு ஜங்கார் ஏறி, வைப்பினில் ஔசேப்பு சேட்டன் வாசலில் நின்று, அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பல் இல்லாத நாயைப் பல் உள்ள விலைக்கு விற்றாயே, மனுஷனா நீ என்றேன். கைசர் பழைய எஜமானைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அது என் வாதத்துக்குப் பெரிய பலம் சேர்க்கவில்லை.

"மோளே, ஞான் மறைச்சில்ல," என்றார் அவர். "படகுத்துறையிலேந்து பந்தைப் பிடிக்கச் சாடி, வள்ளத்தோட விளிம்புல வாய் இடிச்சு, பல்லு போச்சு. உள்ளதுதான். நீங்க கேட்டா பறயலாம்னு நினைச்சேன். நீங்க கேக்கலை. வாயைத் திறந்து நோக்கினீங்க. விரல் இட்டு நோக்கினீங்க. குத்தமே இல்லேன்னு சொன்னீங்க. பின்னே ஞான் எந்து பறயும்? உங்க நாட்டுல இங்ஙனத்த நாய்தான் இஷ்டம் போலன்னு நினைச்சேன்."

"பணத்தைத் திருப்பிக் குடுங்க. நாயைப் பிடிங்க."

"உன் அச்சன் எல்லா வழக்கும் தீர்க்கிறவர் அல்லே? அவர் பறயட்டும். ஞான் கேட்டுக்கறேன்."

நன்றாக மாட்டினாய் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு சம்மதித்தேன். என் அப்பாவாம், எனக்கு எதிராகச் சொல்வாராம்!

அன்று சாயங்காலமே ஔசேப்பு சேட்டன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சரக்கு வழக்கு என்றால் கடை வாசலில், எல்லோர் முன்னாலும்தான் நடக்கும். சொந்தப் பெண்ணின் வழக்கு என்பதால் அப்பா இன்னும் கொஞ்சம் வெளியே, தெருவுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுமட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், இரண்டு மூன்று ஆடுகள் எல்லாரும் ஆஜர். எதிரில் பொள்ளாச்சிக்குச் சுக்கு ஏற்றிப்போக வந்த லாரி நின்றது. அதன் டிரைவர் மாமாவின் ஊர்க்காரர். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "என்னங்ணா, பல்லு பஞ்சாயத்தா? நம்ம ஆளு இருக்கீங்களே, அப்புறமென்ன," என்று மாமாவைப் பார்த்துச் சிரித்தபடி வந்து உட்கார்ந்தார்.

மாமா சிரிக்கவில்லை.

எங்கள் தெருவில் இதற்கெல்லாம் எழுதாத சட்டம் உண்டு. மூட்டையைக் குத்தி, சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, சரி என்று சொல்லி எடுத்தால் பிறகு திருப்ப முடியாது. குற்றம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் விற்றவர் பொறுப்பு இல்லை. ஆனால் வாங்குபவருக்காகத் தரகர் பார்த்துச் சொல்லியிருந்தால் கதை வேறு. வாங்கியவர் தப்பித்துக்கொள்வார். தரகர் எல்லோர் முன்னாலும் "நான் பார்த்தது தப்பு" என்று சொல்லிச் சரக்கைத் தன் தலையில் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஔசேப்பு சேட்டன் நடந்ததைச் சொன்னார். "வாய் திறந்து, விரல் இட்டு..."

"நில்லு," என்றார் அப்பா. "பார்த்தது ஆருன்னு நீ பறய வேண்டாம். வாங்கினவ சொல்லட்டும்." என் பக்கம் திரும்பினார். "உனக்காக யாரு பல்லு பார்த்தது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஜெயித்தாகிவிட்டது. "மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பு என்னுடையது இல்லை, தரகருடையது. நாய் பொள்ளாச்சிக்குப் போகும், குத்தூசி எனக்கு வரும். செருப்புக் கடை இல்லை, இடப்பள்ளி பஸ் இல்லை.

மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரோரமாக நின்று துண்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. லாரிக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த லாரி விடிவதற்குள் பொள்ளாச்சி சேர்ந்துவிடும். வியாழக்கிழமைச் சந்தை கூடுவதற்குள், செல்லமுத்து பல் பார்த்து வாங்கிய நாயின் கதை ஒவ்வொரு சாயாக்கடையிலும் உட்கார்ந்திருக்கும். அப்புறம் யார் அவரைக் கூப்பிட்டு ஒரு கன்றுக்குட்டியின் வாயைத் திறக்கச் சொல்வார்கள்?

"யாரும் பார்க்கலைப்பா," என்றேன். "நான்தான் பார்த்தேன். மாமா பார்க்கிறேன்னாரு. நான்தான் வேண்டாம், எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்."

மாமா தலையைத் தூக்கினார்.

அப்பா என்னையே பார்த்தார். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! "மேல எதுக்குங் பல்லு" என்று காலையில் கேட்டது அவரிடம்தானே! தெருவில் ஒருத்தர் பொய் சொன்னால் பார்வையிலேயே எரித்துவிடுகிற மனுஷர், அன்றைக்குத் தொண்டையை மட்டும் செருமிக்கொண்டார். பிறகு ஔசேப்பு சேட்டனைக் கேட்டார். "இவ சொல்றது உள்ளதா?"

போச்சுடா என்று நினைத்தேன். ஔசேப்பு சேட்டன் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். சுவரோரம் நின்ற மாமாவைப் பார்த்தார். லாரிக்காரரைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அதே," என்றார். "மோள்தான் நோக்கியது. மாமன் தூரத்திலே நின்னு காற்று வாங்கிக்கிட்டிருந்தார்."

சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். முதல் தடவை மறைத்ததற்கும் சேர்த்து அந்த மனுஷனை நான் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன்.

"கண்டு எடுத்த சரக்கு திரும்பாது," என்று அப்பா தீர்ப்பு சொன்னார். "நாய் இங்கேயே இருக்கட்டும். இவளுக்கு நோக்கி வாங்கத் தெரியலை. போதும், எல்லாரும் போங்க."

தெருவே கேட்கும்படி சொன்னார். "பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு, நாய்க்குப் பல்லு இருக்குதா இல்லையான்னு தெரியலையே," என்று லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் நேராக உள்ளே போய்க் கைசரைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். கைசர் என் காதைக் கவ்வி ஆறுதல் சொன்னது. துளிகூட வலிக்கவில்லை.

மாமா அன்றைக்கு அந்த லாரியிலேயே ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என் தலையில் கையை வைத்தார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை நல்ல சுடிதார் போட்டு, தலை வாரி, இடப்பள்ளிக்குக் கிளம்பிக் கீழே வந்தேன். அப்பா கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் குத்தூசி இருந்தது.

"பாண்டிகசாலைக்கு ரெண்டு லோடு வருது," என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ போய் நோக்கி எடு."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவர் மனம் மாறுவதற்குள் குத்தூசியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருமுனை வரைக்கும் போனவளைப் பின்னாலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

"சரண்யா! உன் மாமனைக் கூட்டிட்டுப் போயிடாதே!"

அதன் பிறகு கைசர் பல வருஷம் எங்களோடு இருந்தது. அது குரைத்தால் கேட்பவர்களுக்குக் குலை நடுங்கும். வாயைத் திறந்து பார்க்க யாருக்கும் தைரியம் வராததால் திருடன் ஒருவனும் எங்கள் பாண்டிகசாலைப் பக்கம் வரவில்லை. ஆடுகளுக்கு மட்டும் உண்மை தெரியும். வெயில் ஏறினால் அந்தக் கிடாவும் கைசரும் ஒரே நிழலில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு தூங்கும். பொரை பிஸ்கட்டைக்கூடச் சாயாவில் முக்கிக் கொடுத்தால்தான் கைசர் தின்னும். பொள்ளாச்சியிலிருந்து லாரி வரும்போதெல்லாம் மாமா ஒரு பை ராகி மாவு கொடுத்துவிடுவார். "நாய்க்குக் கூழு காச்சி ஊத்தச் சொல்லுங்க" என்று மட்டும் டிரைவரிடம் சொல்லி அனுப்புவார். அந்த வழக்கைப் பற்றி ஒரு நாளும் அவர் வாயைத் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனால் வீட்டுக்குள் யார் விடுவார்கள்? புது மிக்ஸி வந்தால் "மேல் பல் பார்த்தாச்சா?" எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளைப் பையன் வாயைத் திறந்து சிரிக்கவே இல்லை. அப்பா என் பக்கம் குனிந்து, "மேலே இருக்கான்னு நோக்கிட்டுச் சம்மதி," என்றார். நான் பஜ்ஜித் தட்டோடு விழுந்து சிரித்ததில் அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. (அடுத்து வந்தவர் வந்ததுமே சிரித்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.)

இப்போது கைசர் இல்லை. அப்பாவும் இல்லை. அந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். முற்றத்தில் சுக்கு காய்கிற வாசனை வரும்போது, பக்கத்தில் பேப்பர் புரளுகிற சத்தம் கேட்காதது இன்னும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் அத்தை பொள்ளாச்சியிலிருந்து போன் செய்தாள். "உங்க மாமாவுக்கு மேல்பல்லு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க கண்ணு. செட்டு கட்டிக்கச் சொன்னா முடியாதுங்கறாரு. சந்தைக்கும் போறதில்ல, ஆளுங்களையும் பாக்கறதில்ல. பல்லு பாக்கறவன் பல்லில்லாம எப்படிப் போறதுன்னு மூலையில உக்காந்திருக்காரு. நீயாச்சும் வந்து சொல்லு."

போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். நான் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். துண்டை விலக்கினேன். இடது கையால் அவர் மூக்கைப் பிடித்து, வலது கைப் பெருவிரலால் உதட்டைத் தூக்கினேன். அவர் திகைத்துப்போய் வாயைத் திறந்துகொடுத்தார். கீழே பார்த்தேன். மேலே பார்த்தேன். நன்றாக, நிதானமாகப் பார்த்தேன்.

"கீழே வரிசை தப்பாம இருக்குது. மேல ஈறு கல்லாட்டம் கெட்டி," என்றேன். "சுத்தமான வாய் மாமா. குத்தமே இல்ல."

மாமா என்னையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பிறகு அந்த மேல் பல் இல்லாத வாயைத் திறந்து அவர் சிரித்த சிரிப்பில் தோட்டத்து மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"ஏன் அம்மிணி," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ஔசேப்புகிட்ட என்னையும் ஒரு விலைக்குப் பேசிப்புடலாமா?"

துண்டை அவர் கை மேல் போட்டு, உள்ளே அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். எந்த விரலுக்கு எவ்வளவு கணக்கு என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.